கணக்கெழுதும் கணினியும் இணையமும்

இணுவில் என்றதும் இசை விரும்புவோர் நினைவுக்கு வருவன நாதசுரமும் தவிலுமே. தவில் பக்கவாத்தியம், நாதசுரத்துக்குத் துணை நிற்பதே அதன் தொழில் என்பது நெடுங்கால எண்ணம். ஆயின் இணுவில் மண்ணின் தவில் மேதை தெட்சணாமூர்த்தி வாசித்த காலத்தில், தவிலைக் கேட்பதற்கென்றே கோயில் வீதிகளில் மக்கள் திரண்டனர். வாத்தியம் பழையதுதான், கேட்டோர் கருத்தே புதியது. கணினி உலகிலும் ஓர் இயந்திரம் இவ்வாறே பக்கவாத்தியமாக மதிக்கப்பட்டு வந்தது.

1988 ஜூன் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் ஏ.எஸ்/400 என்னும் கணினியை வெளியிட்டது. பெருங்கணினிக்கும் மேசைக்கணினிக்கும் இடைப்பட்ட தரத்தது அது. சம்பளப் பட்டியல், சரக்கிருப்பு, வங்கிக் கணக்கு ஆகியவற்றை ஓயாது எழுதுவது அதன் பணி. அதன் திரையிலே கரிய பின்னணியில் பச்சை எழுத்துகள். 24 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள். கண்டவர்கள் அதனைப் பழங்காலத்துக் கணக்கப்பிள்ளை என்றே எண்ணினர்.

இணையமோ வேறொரு சூழலிற் பிறந்தது. 1990ஆம் ஆண்டின் இறுதியில், ஜெனீவா நகரை அடுத்த ஆய்வுகூடத்திலே ரிம் பேர்ணர்ஸ் லீ தமது மேசைமீதிருந்த நெக்ஸ்ற் கணினியைக் கொண்டு முதல் இணையப் பக்கத்தை வழங்கினார். யாரும் நிறுத்திவிடலாகாதென்று அதில் ஓர் எச்சரிக்கைத் துண்டும் ஒட்டப்பட்டிருந்தது. அக்கணினியும் அதன்பின் வந்தவற்றுட் பெரும்பாலனவும் யூனிக்ஸ் மரபைச் சார்ந்தவை. எனவே இணைய வழங்கி என்றாலே யூனிக்ஸ் என்னும் எண்ணம் வேரூன்றியது. ஏ.எஸ்/400இன் எழுத்துக்குறிகளும் வேறு. ஆங்கிலத்தின் முதற் பெரிய எழுத்துக்கு இணைய உலகம் 65 என்னும் எண்ணை வழங்க, இது 193 என்று குறித்தது. இரண்டுக்கும் இடையில் ஓயாத மொழிபெயர்ப்பு வேண்டியிருந்தது. 1990களின் நடுப்பகுதியில் இதற்கெனக் கிடைத்த முதல் இணைய வழங்கி மென்பொருள்களும் வசதி குறைந்தவையே. குறைகூறியவர்கள் அனைவரும் அறியாமையாற் பேசினர் என்று தள்ளிவிட முடியாது.

எனினும் அந்த எண்ணத்துக்கு ஒரு விலை இருந்தது. கணக்கு ஓர் இயந்திரத்தில் இருக்க, இணையத்துக்கென மற்றொன்றை வாங்கி, இரவுதோறும் விவரங்களைப் படியெடுத்து வைப்பது ஒரு வழக்கமாயிற்று. காலையில் விற்றுத் தீர்ந்த சரக்கு மாலைவரை இணையப் பக்கத்திலே கையிருப்பாகத் தோன்றும். வாடிக்கையாளர் பணம் செலுத்திய பின்னரே பொருள் இல்லையென்பது தெரியவரும். உண்மையான ஏடு பக்கத்து அறையில் திறந்தபடி கிடக்க, நேற்றைய படியைப் பார்த்து வணிகம் செய்வதை என்னென்பது!

ஏ.எஸ்/400இலோ தரவுத்தளம் இயக்க மென்பொருளோடு ஒன்றாகவே அமைந்தது. பக்கத்தை வழங்கும் நிரல் அவ்விடத்திலேயே கணக்கைப் பார்த்து விடை சொல்லலாம். சம்பள வேலைக்கும் இணைய வேலைக்கும் தனித்தனியே நினைவகம் ஒதுக்கலாம். ஒன்றன் நெரிசல் மற்றொன்றை எளிதில் அமுக்காது. தரவாகச் சேமித்த ஒன்றை நிரலாக மாற்றி இயக்க அது இடந்தராது. வைரசுகள் அங்கே எளிதில் வேரூன்றாமைக்கு இதுவும் ஒரு காரணம். 2000ஆம் ஆண்டளவில், இணையத்தில் மிகுதியாகப் பயன்பட்ட அப்பாச்சி வழங்கி மென்பொருளும் இதன்மேல் இயங்கலாயிற்று.

நியாயமான தயக்கம் ஒன்று இருந்தது. கல்லாப்பெட்டியைத் தெருவாசலில் வைப்பார் உண்டோ? அதற்கும் வழி பிறந்தது. 1999ஆம் ஆண்டளவில் ஒரே இயந்திரத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனிக் கணினிபோல் இயக்கும் முறை வந்தது. தெருவைப் பார்த்த பகுதி ஒன்று. கணக்குள்ள பகுதி வேறொன்று.

பின்னர் அதன் பெயர் பலமுறை மாறியது. 2008 முதல் அதன் இயக்க மென்பொருள் ஐ.பி.எம். ஐ என வழங்குகின்றது. பச்சைத் திரையும் நீங்கவில்லை; அதே பெட்டி உலாவிக்கும் கைத்தொலைபேசிக்கும் விடையளித்து வருகின்றது.