வழித்தடம் வகுத்த தகப்பனார்

மதுரைப் பக்கத்துப் பெரியவர்களிடம் பழைய டிவிஎஸ் பஸ்ஸைப் பற்றிக் கேட்டால், முதலில் நேரத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். பஸ் ஊருக்குள் நுழைவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்ட காலம் அது. அந்தப் பெயரைச் சம்பாதித்தவர் திருக்குறுங்குடி டி.வி. சுந்தரம் ஐயங்கார்.

1877-இல் நெல்லைச் சீமையில் பிறந்த அவரை வழக்கறிஞராக்கிப் பார்க்கத் தந்தை ஆசைப்பட்டார். வக்கீல் தொழில், ரயில்வே வேலை, வங்கி வேலை என்று எல்லாவற்றையும் பார்த்த பிறகு, கைக்கு வந்துகொண்டிருந்த மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு 1911-இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். மறு ஆண்டே தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே அவருடைய பஸ் ஓடியது. மாட்டுவண்டியே கதி என்றிருந்த ஊர்களில் மோட்டார் வண்டியை நம்பி ஜனங்கள் ஏறவேண்டும் என்றால், அது சொன்ன நேரத்தில் வரவேண்டும், வழியில் நிற்கக் கூடாது. இதை அவர் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்.

அன்றைய சாலைகளில் மாடுகளின் லாடத்திலிருந்து கழன்று விழும் ஆணிகள்தான் டயருக்கு எமன். காந்தம் பொருத்திய வண்டியை விட்டு அந்த ஆணிகளைப் பொறுக்கவைத்த பிறகே டிவிஎஸ் பஸ் கிளம்பும் என்று மதுரையில் இன்றும் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. பஸ்களை ஷெட்டில் நிறுத்திவிட்டுக் காத்திருக்காமல், அடுப்புக்கரியை எரித்து வரும் வாயுவில் வண்டி ஓட்டும் கருவியை அவரது நிறுவனமே தயாரித்தது. பயணிக்குக் கொடுத்த வாக்கு போர்க்காலத்திலும் வாக்குதான் என்று அவர் நினைத்தார்.

பிள்ளைகளும் பொறுப்பும்

மகன்களைத் தொழிலுக்குள் கொண்டுவந்து, ஆளுக்கொரு பொறுப்பைக் கொடுத்தார். அப்பா உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகள் சுயமாக முடிவெடுத்து வளர்ந்தார்கள். மகன் டி.எஸ். சந்தானம் 1954-இல் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ் அதற்கு ஓர் உதாரணம். கடைசிக் காலத்தில் தொழிலைப் பிள்ளைகளிடம் விட்டு ஒதுங்கிய அவர், 1955 ஏப்ரல் 28-இல் கொடைக்கானலில் காலமானார். மதுரையில் அவர் கட்டி வளர்த்த பஸ் போக்குவரத்தை 1972-இல் அரசு எடுத்துக்கொண்டு, பாண்டியன் போக்குவரத்துக் கழகமாக்கியது. அதற்குள் அந்தக் குடும்பம் பிரேக், சக்கரம், மின் பாகங்கள் என்று உற்பத்தித் துறையில் நன்றாகக் காலூன்றியிருந்தது.

மகள் சௌந்தரம்

தகப்பனாராக அவர் யார் என்பதை உண்மையில் காட்டுவது மகளின் வாழ்க்கைதான். சௌந்தரத்துக்குச் சிறுவயதிலேயே திருமணமானது. கணவர் டாக்டர். பிளேக் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்கப் போய், அதே நோய்க்கு இரையானார். நீ டாக்டராக வேண்டும், மறுமணமும் செய்துகொள்ள வேண்டும் என்று இறப்பதற்கு முன் மனைவியிடம் சொல்லியிருந்தார்.

1920-களின் வைதீகக் குடும்பங்களில் இளம் விதவைக்கு என்ன எழுதியிருந்தது என்பது தெரிந்த கதை. ஆனால் சுந்தரம் ஐயங்கார் வீட்டில் அந்தப் பெண்ணை மேலே படிக்கவைத்தார்கள். டெல்லிக்கு அனுப்பினார்கள். லேடி ஹார்டிங்கே மருத்துவக் கல்லூரியில் படித்து, 1936-இல் டாக்டரானார் சௌந்தரம்.

டெல்லியில் காந்தியின் சீடரான ஜி. ராமச்சந்திரனைச் சந்தித்தார். அவர் கேரளத்துக்காரர், வேறு சாதி. திருமணப் பேச்சு வந்தபோது வீட்டில் எதிர்ப்பு எழுந்தது. ஒரு வருஷம் பிரிந்திருந்து பாருங்கள், அதற்குப் பிறகும் மனம் மாறாவிட்டால் ஆசீர்வதிக்கிறேன் என்றார் காந்தி. மனம் மாறவில்லை. 1940-இல் காந்தி, கஸ்தூர்பா முன்னிலையில் திருமணம் நடந்தது.

இருவரும் சேர்ந்து 1947-இல் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தை உருவாக்கினார்கள். அங்கே எழுந்த கஸ்தூர்பா மருத்துவமனை சுற்றுவட்டாரத் தாய்மார்களுக்குப் பெரிய துணையானது. கிராமியக் கல்வி நிலையம் பின்னாளில் பல்கலைக்கழகமாகவே வளர்ந்தது. 1962-இல் சௌந்தரம் மத்தியக் கல்வித் துறைத் துணை அமைச்சரானார்.

மகளின் சாதனை மகளுடையது. அதில் அப்பாவுக்குப் பங்கு கேட்பது நியாயமில்லை. ஆனால் ஊர் வாயை அடைத்து, கைம்பெண் மகளைப் புத்தகத்தோடு ரயிலேற்றிவிட அன்றைக்கு ஒரு தகப்பனுக்குப் பெரிய நெஞ்சுரம் வேண்டும். திருமண விஷயத்தில் அவருடைய தலைமுறையின் மரபு குறுக்கே நின்றது உண்மை. அப்படிப்பட்ட மரபுக்குள் வளர்ந்த ஒருவர் மகளின் படிப்புக்காக அத்தனை தூரம் நடந்துவந்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

தொழிலதிபர்களை நினைவுகூரும்போது எத்தனை கம்பெனி, எத்தனை கோடி என்றுதான் நாம் கணக்குப் பார்க்கிறோம். குடும்பத்துக்கு அவர்கள் செய்ததைச் சொத்துப் பங்கீட்டோடு முடித்துக்கொள்கிறோம். பிள்ளைகளுக்குப் பொறுப்பைக் கொடுத்து அவர்களை நம்பியதும், இடிந்துபோன ஒரு மகளைப் படிப்பால் தூக்கி நிறுத்தியதும் அந்தக் கணக்கில் ஏற வேண்டும். சுந்தரம் ஐயங்காரின் பஸ்கள் கைமாறிப் போயின. அவர் படிக்கவைத்த மகள் உருவாக்கிய காந்திகிராமம் இன்றும் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பும் வைத்தியமும் தந்துகொண்டிருக்கிறது.