சின்ன முயல் சினைப்படும்போது

மாட்டையும் ஆட்டையும் ஊரில் விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் பல, பிள்ளைகளின் ஆசைக்காக ஒரு சோடி சின்ன முயலை வாங்கிக் கொட்டிலின் ஓரத்தில் வளர்ப்பதை நாம் காண்கின்றோம். புல்லும் இலையும் செலவில்லாமல் கிடைக்கும். பிள்ளைகளுக்கும் ஒரு பராக்கு. ஆனால் பெட்டை சினைப்பட்டால் மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும் என்று எண்ணி இருந்துவிடக் கூடாது. ஒன்று, ஒன்றரைக் கிலோ நிறையுள்ள முயலுக்கு ஈற்று என்பது சிறிய காரியமல்ல. அதன் ஆபத்தில் பெரும்பகுதி குட்டி போடும் நாளில் வருவதுமல்ல. ஒரு மாதத்துக்கு முன்னர், எந்த ஆணோடு சேர்த்தோம் என்பதிலேயே தொடங்கிவிடுகின்றது.

இறைச்சிக்கு வளர்க்கும் நியூசிலாந்து வெள்ளை இனம் 4 அல்லது 5 கிலோ வரை நிறை வைக்கும். 'பெரிய ஆணோடு விட்டால் பெரிய குட்டி கிடைக்கும்' என்று சொல்லிச் சின்னப் பெட்டையை அதனிடம் விடுபவர்கள் உண்டு. பெரிய குட்டி கிடைக்கத்தான் செய்யும். அது வெளியே வருவதற்கு அந்தச் சின்ன இடுப்பில் இடம் இருக்காது. ஆகவே ஆண், பெட்டையின் அளவாக அல்லது அதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகளாக இருக்கவும் கூடாது. குள்ள இனங்கள் இரண்டைச் சேர்த்தால் வேறொரு தொல்லை உண்டு. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் குள்ளத் தன்மையை ஒருசேரப் பெறும் குட்டிகள், சராசரியாக நான்கில் ஒன்று, மிகச் சிறியதாகப் பிறந்து சில நாட்களில் இறந்துவிடும். தாயின் பாலில் குற்றம் இல்லை. எவராலும் காப்பாற்றவும் இயலாது.

முயலுக்கு மாட்டைப் போல முறையான வேட்கை நாட்கள் இல்லை. ஆணோடு சேர்ந்த பின்னரே, சுமார் 10 மணித்தியாலத்தில், முட்டை வெளிப்படுகின்றது. எனவே ஒரு நிமிடம் ஒன்றாக விட்டாலும் போதும். 3 மாதம் ஆனதும் ஆணையும் பெட்டையையும் வேறு கூடுகளில் பிரித்துவிடுங்கள். சின்ன இனமானாலும் 5, 6 மாதத்துக்கு முன் சேர்க்க வேண்டாம். சேர்த்த திகதியைக் கலண்டரில் குறியுங்கள். சினைக்காலம் 30 முதல் 32 நாள். 17ஆம் நாள் அளவில் பெட்டை மயிரைப் பிடுங்கிக் கூடு கட்டினால், பெரும்பாலும் அது பொய்ச்சினை.

சினை முயலுக்கு அளவுக்கு மீறித் தவிடும் புண்ணாக்கும் கொடுத்துக் கொழுக்க வைப்பது அன்பல்ல. கொழுத்த பெட்டை கடைசி வாரத்தில் திடீரெனத் தீனை நிறுத்தும்; மந்தமாகக் குந்தியிருக்கும்; ஓரிரு நாளில் செத்தும் போகும். உடம்பிலுள்ள கொழுப்பு அளவுக்கு மீறிக் கரைந்து இரத்தத்தில் நஞ்சாவதே இதற்குக் காரணம். அந்த வாரத்தில் பட்டினி கிடந்தாலும் இதே கதிதான். புல்லும் காய்ந்த புல்லும் எந்நேரமும் இருக்கட்டும். தவிடு ஒரு கைப்பிடிக்குள் அடங்கட்டும். மருந்தடித்த தோட்டத்துக் களையைப் போடாதீர்கள். இப்பில் இப்பில் இலையில் மயிரைக் கொட்டச் செய்யும் நஞ்சு உண்டு. சினை முயலுக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது.

தகரக் கொட்டில்களில் இருப்பவர்கள் வெயிலைக் கவனியுங்கள். முயலுக்கு வியர்க்காது. மத்தியானத்தில் அது வாயைத் திறந்து இளைக்கின்றதென்றால் உயிருக்கு ஆபத்து. கூட்டின் மேல் கிடுகு போட்டு, பக்கத்தில் ஈரச் சாக்கைத் தொங்க விட்டு, குடிக்கத் தண்ணீர் குறையாமல் வையுங்கள். மறுபடியும் இடம் மாற வேண்டி வந்தால், சினை முயலைக் கடைசி வாரத்துக்கு முன்னர் கொண்டுபோவது நல்லது. வேறு வழியில்லையென்றால் காற்றோட்டமுள்ள மூடிய கூடையில், அதிகாலையில், காய்ந்த புல்லோடு ஏற்றுங்கள்.

27ஆம் நாள் பெட்டியை வையுங்கள். ஒரு அடி நீளமும் முக்கால் அடி அகலமும் உள்ள பலகைப் பெட்டியில் வைக்கோல் பரப்பினால் போதும். தாய் தன் வயிற்று மயிரைப் பிடுங்கி மீதியைச் செய்துகொள்ளும். பெரும்பாலும் விடியற்புறத்தில் ஈனும். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அரை மணிக்கு மேலாக முக்கியும் குட்டி வராவிட்டாலும், குட்டி வராமல் இரத்தம் மட்டும் வந்தாலும், 32 நாள் கடந்தும் ஒன்றும் நடவாவிட்டாலும், பொழுது போக்காதீர்கள். உள்ளே ஒன்றிரண்டு குட்டிகளே இருந்தால் அவை அதிகம் வளர்ந்து அடைத்துக்கொள்ளும். தலையீற்றில் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கூடையில் வைத்து அரச மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். அயலில் யாரோ மாட்டுக்குப் போடும் ஊசியைப் போட விடாதீர்கள். குட்டி அடைத்து நிற்கும்போது கருப்பையைச் சுருங்கச் செய்யும் மருந்தைப் போட்டால், கருப்பையே கிழிந்துபோகும்.

ஈன்றபின் பெட்டியைப் பார்க்க வேண்டும். தொட்டால் தாய் குட்டியைக் கைவிடும் என்பது பெரும்பாலும் வீண் பயம். தாயின் முதுகைத் தடவிவிட்டு அதே கையால் பாருங்கள். செத்த குட்டியையும் இளங்கொடியின் மிச்சத்தையும் எடுத்துவிடுங்கள். வெளியே விழுந்து குளிர்ந்த குட்டியை முதலில் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, பின்னர் பெட்டியில் விடுங்கள். தாய் பகலெல்லாம் குட்டிகளை எட்டிப் பாராதிருப்பதைக் கண்டு பதற வேண்டாம். நாளுக்கு ஒரு முறை, சில நிமிடங்களே அது பால் கொடுக்கும். குட்டியின் வயிறு உருண்டு, உடல் சூடாக இருந்தால் பால் குடித்திருக்கின்றது. தோல் சுருங்கி ஓயாமல் நெளிந்தால் பால் போதவில்லை. அப்போது பசுப்பாலைப் பருக்கத் தொடங்காமல், தாய்க்குத் தண்ணீரும் பச்சை இலையும் கூட்டுங்கள். மடு சூடாகி, சிவந்து, கட்டியாக இருந்தால் அதற்கும் வைத்தியரே வேண்டும். அந்தக் குட்டிகளை வேறு தாயிடம் விடக் கூடாது. நோயும் கூடவே போகும்.

குட்டியைத் தின்ற பெட்டையை அன்றைக்கே கறிச்சட்டிக்கு அனுப்புவது நம்மவர் வழக்கம். பெரும்பாலும் தவறு பெட்டையிடம் இல்லை. இரவில் நாய் வந்து கூட்டைப் பிறாண்டியிருக்கும், அல்லது தண்ணீர்ச் சிரட்டை வெறுமையாக இருந்திருக்கும். அடுத்த ஈற்றில் கூட்டை நிலத்திலிருந்து மூன்றடி உயர்த்தி, ஒரு பக்கத்தைச் சாக்கால் மறைத்துப் பாருங்கள்.

ஈன்ற அன்றைக்கே பெட்டை மீண்டும் சினைப்படக் கூடியது. ஆகவே ஆண் அந்தக் கூட்டின் பக்கம் வரவே கூடாது. குட்டிகள் 10 நாள் அளவில் கண் திறக்கும். ஆறு வாரத்தில் தாயை விட்டுப் பிரிக்கலாம். அதன் பின் தாய் உடம்பு தேறி, பழைய நிறைக்கு வந்த பிறகே அடுத்த சேர்க்கையைப் பற்றி யோசியுங்கள்.