அப்பீல் மனுவில் எழுதாததை யார் கேட்பார்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குஷாய்குடாவில் என் வீட்டுக்கு வந்த நண்பர் ஒரு காகிதக் கட்டை மேஜைமேல் வைத்தார். சொந்த ஊரில் பாகப் பிரிவினை வழக்கு. தோப்பில் அவருக்குப் பங்கு உண்டு, வீட்டில் இல்லை என்று தீர்ப்பாகியிருந்தது. தோப்பை விட மனமில்லாத எதிர்த்தரப்பு ஜில்லா கோர்ட்டில் அப்பீல் செய்திருந்தது. "அவங்களே அப்பீல் போயிட்டாங்க சார், நமக்குச் செலவு மிச்சம். அங்கேயே வீட்டு விஷயத்தையும் பேசிக்கலாம்" என்றார்.

இங்கேதான் நம்மவர்கள் பலர் ஏமாந்து போகிறார்கள். அப்பீல் என்றால் வழக்கு மறுபடி முதலிலிருந்து நடக்கும் என்று நினைப்பு. ரயில்வேயில் சிக் லைனுக்கு வரும் பெட்டியோடு என்ன பழுது என்று எழுதிய சீட்டும் வரும். ஃபிட்டர் முதலில் பார்ப்பது அதைத்தான். கோர்ட்டில் அந்தச் சீட்டுக்கு அப்பீல் மெமோ என்று பெயர். கீழ்க்கோர்ட் தீர்ப்பில் எது எது தவறு என்று அதில் இலக்கமிட்டு எழுத வேண்டும். 1908ஆம் வருடத்து சிவில் நடைமுறைச் சட்டம், 41ஆவது கட்டளை, 2ஆவது விதிப்படி, மெமோவில் சொல்லாத காரணத்தைக் கோர்ட்டின் அனுமதியின்றி வாதாட முடியாது. நீதிபதி வேறொரு காரணத்தைக் கொண்டு தீர்ப்பளிக்கலாம். ஆனால் அதற்குப் பதில் சொல்லப் பாதிக்கப்படும் தரப்புக்குப் போதிய வாய்ப்புத் தந்திருக்க வேண்டும்.

ஹைகோர்ட்டுக்குப் போகும் இரண்டாவது அப்பீலில் வாசல் இன்னும் குறுகல். 1976 திருத்தத்துக்குப் பின், முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். தோப்பில் எத்தனை தென்னை என்ற கணக்கெல்லாம் அங்கே எடுபடாது.

சரி, அப்பீலே செய்யாமல் இருப்பவர் கதி? 2003இல் சுப்ரீம் கோர்ட் தீர்த்த பனார்சி எதிர் ராம் பால் வழக்கைப் பாருங்கள். விற்பனை ஒப்பந்தப்படி கிரயம் செய்து தரக் கேட்டவருக்கு, அதற்குப் பதிலாகப் பணம் திரும்பக் கிடைக்கும்படி தீர்ப்பாயிற்று. விற்பவர் அப்பீல் போனார், வாங்குபவர் போகவில்லை. அப்படியும் அப்பீல் கோர்ட் கிரயம் செய்து தரச் சொல்லிவிட்டது. சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. கேட்காதவருக்கு, அப்பீல் செய்தவரின் நஷ்டத்தில், கூடுதலாக எதுவும் கொடுக்க முடியாது என்பதே காரணம்.

அமெரிக்காவில் இதைவிடக் கண்டிப்பு. அங்கே ஒரு வேலைப் பாகுபாட்டு வழக்கில் 16 பேர் சேர்ந்து அப்பீல் செய்தார்கள். வக்கீல் ஆபீஸ் கைத்தவறால் அப்பீல் நோட்டீஸில் ஒருவர் பெயர் விட்டுப்போனது. அவர் அப்பீலே செய்யவில்லை என்று 1988இல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது! 1993இல்தான் விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள்.

நண்பருக்கு வழி இருந்தது. அதே 41ஆவது கட்டளையின் 22ஆவது விதி. அப்பீல் விசாரணைத் தேதி குறித்த நோட்டீஸ் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள், வீடு பற்றி எதிர் ஆட்சேபம் தாக்கல் செய்யலாம். கோர்ட் விரும்பினால் அவகாசம் நீட்டிக்கும். அதை நம்பி இருக்கக் கூடாது. எதிர் ஆட்சேபம் இல்லாவிட்டால், கிடைத்த தோப்பைக் காப்பாற்ற வாதாடலாமே தவிர, வீட்டைக் கேட்க முடியாது.

"நோட்டீஸ் என்றைக்கு வந்தது?" என்று கேட்டேன். கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து விரல்விட்டு எண்ணினார். இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. காப்பியைக்கூட முழுதாகக் குடிக்காமல், சார்மினார் எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் பார்க்கக் கிளம்பிவிட்டார்.