விதை எண்ணெய் விஷமா, மருந்தா? வாட்ஸ்அப் வீடியோவை நம்புறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

'சூரியகாந்தி எண்ணெய் விஷம்', 'ரீஃபைண்ட் ஆயில்தான் மாரடைப்புக்குக் காரணம்', 'தினமும் ஒரு ஸ்பூன் ஆளி விதை எண்ணெய் குடிச்சா அடைப்பு கரைஞ்சிடும்'. ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஏதாவது ஒரு வீடியோ அடிக்கடி வந்து விழுகிறது. அதைப் பார்த்துவிட்டு சமையல் எண்ணெயை மாற்றினால்கூட பரவாயில்லை. டாக்டர் கொடுத்த கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டு எண்ணெயை நம்ப ஆரம்பித்தால் அது உயிருக்கே ஆபத்து.

உண்மையில் விதை எண்ணெய் விஷமும் இல்லை, மருந்தும் இல்லை. ஒரு எண்ணெய் நல்லதா, கெட்டதா என்பதை மூன்று விஷயங்கள்தான் முடிவு செய்கின்றன. அதில் என்ன கொழுப்பு அமிலம் இருக்கிறது? எதற்குப் பதிலாக அதைச் சாப்பிடுகிறோம்? அடுப்பில் அதை என்ன செய்கிறோம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கொழுப்பு அமிலம்னா என்ன?

கடையில் வாங்கும் எந்த எண்ணெயும் கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்புதான். அந்தக் கொழுப்பு, கொழுப்பு அமிலங்களால் ஆனது. இவற்றில் மூன்று வகை உண்டு.

• நிறைவுற்ற கொழுப்பு: நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய், பாமாயிலில் அதிகம். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்துபோவது இதனால்தான். இது அதிகமானால் ரத்தத்தில் 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்டிஎல் ஏறும்.

• ஒற்றை நிறைவுறா கொழுப்பு: இதில் முக்கியமானது ஒலிக் அமிலம். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெயில் இருக்கிறது.

• பன்மை நிறைவுறா கொழுப்பு: ஒமேகா-6 வகையைச் சேர்ந்த லினோலிக் அமிலமும், ஒமேகா-3 வகையைச் சேர்ந்த ஆல்ஃபா லினோலெனிக் அமிலமும் இதில் வரும்.

கடைசியாகச் சொன்ன இரண்டு அமிலங்களையும் நம் உடம்பு தானாகத் தயாரிக்காது. சாப்பாட்டில் இருந்துதான் கிடைக்க வேண்டும். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி 1929-ல் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவு கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்தது, வளர்ச்சி நின்றது. லினோலிக் அமிலம் கொடுத்ததும் எலிகள் தேறின. 'எண்ணெயே தொடக் கூடாது' என்பது ஏன் தவறான அட்வைஸ் என்பதற்கு இந்த ஆய்வே போதும்.

எந்த எண்ணெயில் என்ன இருக்கு?

ரகத்தைப் பொறுத்து அளவு கொஞ்சம் மாறும். தோராயமான கணக்கு இதுதான்:

• சூரியகாந்தி எண்ணெய்: லினோலிக் அமிலம் சுமார் 60 சதவீதம், நிறைவுற்ற கொழுப்பு 11 சதவீதம்

• நல்லெண்ணெய்: ஒலிக், லினோலிக் இரண்டும் தலா 40 சதவீதம், நிறைவுற்ற கொழுப்பு 15 சதவீதம்

• கடலை எண்ணெய்: ஒலிக் 45 முதல் 50 சதவீதம், லினோலிக் 30 சதவீதத்தை ஒட்டி

• தவிட்டு எண்ணெய்: ஒலிக் 40 சதவீதம், லினோலிக் 35 சதவீதம்

• ஆளி விதை எண்ணெய்: ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் 50 சதவீதத்துக்கும் மேல்

• தேங்காய் எண்ணெய்: நிறைவுற்ற கொழுப்பு 80 முதல் 90 சதவீதம்

• பாமாயில்: நிறைவுற்ற கொழுப்பு சுமார் 50 சதவீதம்

இதயத்துக்கு நல்லதுன்னு எதை வைத்துச் சொல்றாங்க?

நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து, அதற்குப் பதிலாகப் பன்மை நிறைவுறா கொழுப்பு உள்ள தாவர எண்ணெயைக் கொடுத்த ஆய்வுகளில் இதய, ரத்தநாள நோய்கள் சுமார் 30 சதவீதம் குறைந்ததாக அமெரிக்க இதய சங்கம் 2017-ல் சொன்னது. கோக்ரேன் அமைப்பு 2020-ல் வெளியிட்ட தொகுப்பாய்வில், நிறைவுற்ற கொழுப்பை இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் கட்டுப்படுத்தியவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் 17 சதவீதம் குறைந்தது தெரியவந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய வார்த்தை 'பதிலாக'. நெய்யும் வெண்ணெயும் பழையபடி போகும், அதோடு சூரியகாந்தி எண்ணெயும் சேரும் என்றால் பலன் இல்லை. எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. ஒரு டேபிள் ஸ்பூனுக்கு ஏறக்குறைய 120 கலோரி. கூடுதலாகச் சேர்த்தால் எடைதான் கூடும்.

அப்போ ஏன் இவ்வளவு எதிர்ப்பு?

அமெரிக்க சுகாதாரத் துறைச் செயலர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் விதை எண்ணெய்களைக் கடுமையாக விமர்சித்து, மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதை ஆதரித்துப் பேசியபிறகு இந்த விவாதம் உலகம் முழுக்கப் பரவியது.

எதிர்ப்பவர்கள் சொல்லும் முக்கியக் காரணம்: 'ஒமேகா-6 உடலில் அழற்சியை உண்டாக்கும்.' லினோலிக் அமிலத்தில் ஒரு சிறு பங்கு அராகிடோனிக் அமிலமாக மாறும், அதிலிருந்து அழற்சியைத் தூண்டும் பொருட்கள் உருவாகும் என்பது உண்மைதான். ஆனால் மனிதர்களுக்கு லினோலிக் அமிலத்தைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் அழற்சியின் அளவுகோல்கள் உயரவில்லை. 13 நாடுகளைச் சேர்ந்த 68,000-க்கும் அதிகமானோரின் தரவுகளை வைத்து 2019-ல் வெளியான ஆய்வில், உடலில் லினோலிக் அமிலம் அதிகம் இருந்தவர்களுக்கு இதய நோய் ஆபத்து குறைவாகவே இருந்தது.

எதிர்த்தரப்பிலும் ஆதாரம் இல்லாமல் இல்லை. 1960-களில் தொடங்கிய சிட்னி, மின்னசோட்டா ஆய்வுகளின் பழைய தரவுகளை விஞ்ஞானிகள் 2013, 2016-ல் மறுபடி ஆராய்ந்தார்கள். சிட்னியில் குசும்பா எண்ணெய்க்கு மாறிய இதய நோயாளிகளிடம் இறப்பு அதிகமாக இருந்தது. மின்னசோட்டாவில் மக்காச்சோள எண்ணெய் கொலஸ்ட்ராலைக் குறைத்தது, ஆனால் இறப்பைக் குறைக்கவில்லை. அந்தக் கால மார்கரினில் டிரான்ஸ் கொழுப்பு கலந்திருக்கலாம், மின்னசோட்டாவில் பெரும்பாலானோர் ஓராண்டுகூட அந்த உணவைத் தொடரவில்லை என்று மறுதரப்பு பதில் சொல்கிறது. விவாதம் முடிந்துவிடவில்லை. ஆனாலும் ஒட்டுமொத்த ஆதாரம் 'விஷம்' என்ற பக்கம் சாயவில்லை.

இன்னொரு விஷயம். சிப்ஸ், பிஸ்கட், மிக்சர், பரோட்டா என விதை எண்ணெய் அதிகம் போகும் இடங்களில் உப்பு, சர்க்கரை, மைதாவும் சேர்ந்தே போகின்றன. இவற்றை நிறுத்தியவருக்கு உடம்பு தேறினால், அதற்கு எண்ணெயை விட்டது மட்டும் காரணமாக இருக்காது.

ஆளி விதை எண்ணெய் மீனுக்கு ஈடாகுமா?

முழுசா ஈடாகாது. இதயத்துக்கும் மூளைக்கும் வேண்டிய இபிஏ, டிஎச்ஏ எனும் ஒமேகா-3 அமிலங்கள் மத்தி, அயிலை போன்ற மீன்களில் நேரடியாகவே இருக்கின்றன. ஆளி விதையில் இருப்பது ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். அதில் சிறு பங்கைத்தான் உடல் இபிஏ-வாக மாற்றும். டிஎச்ஏ-வாக மாறுவது இன்னும் குறைவு.

ஆனாலும் சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஆளி விதை, வால்நட், கடுகு எண்ணெய், சோயா எண்ணெய் எல்லாம் ஒமேகா-3 கிடைக்கும் நல்ல வழிகள். ஆளி விதை எண்ணெய் சூடு பட்டால் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் தாளிக்க, பொரிக்க ஆகாது. விதையாகவே வறுத்துப் பொடித்து இட்லிப் பொடியில் சேர்ப்பது சுலபம். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

செக்கு எண்ணெயா, ரீஃபைண்டா?

பெரும்பாலான ரீஃபைண்ட் எண்ணெய்கள் ஹெக்சேன் என்ற கரைப்பான் மூலம் பிரித்தெடுக்கப்பட்டு, நிறமும் வாசனையும் நீக்கப்பட்டு வருகின்றன. இதில் வைட்டமின் ஈ போன்ற சத்துகள் ஓரளவு குறையும். செக்கில் ஆட்டிய எண்ணெயில் மணமும் இந்தச் சத்துகளும் கூடுதலாக நிற்கும். நல்லெண்ணெயில் செசமின், செசமோலின் போன்ற ஆன்டிஆக்சிடென்ட் பொருட்களும் உண்டு.

ஆனால் கொழுப்பு அமிலமும் கலோரியும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். 'செக்கு எண்ணெய்தானே' என்று தாராளமாக ஊற்றினால் அதுவும் தப்புதான்.

உண்மையான ஆபத்து வாணலியில்!

நிறைவுறா கொழுப்பு அமிலங்கள் அதிக வெப்பத்தில் ஆக்சிஜனோடு சேர்ந்து சிதையும். பஜ்ஜி போட்ட எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சினால் தீங்கான பொருட்கள் சேர்ந்துகொண்டே போகும். இப்படிச் சேரும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் விதி. எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியும் 2022 ஜனவரி முதல் அமலில் உள்ளது.

எண்ணெய் கருத்து, கெட்டியாகி, நுரைத்து, சீக்கிரமே புகைய ஆரம்பித்தால் அது தன் வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம்.

அப்போ என்ன செய்யலாம்?

• அளவு: தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல்படி, 2,000 கலோரி உணவில் எண்ணெயும் கொழுப்பும் சேர்த்து ஒரு நாளைக்கு 27 கிராம். அதாவது சுமார் 2 டேபிள் ஸ்பூன். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு, நெய்யும் சேர்த்து மாதம் மூன்றரை லிட்டர் போதும்.

• மாற்றி மாற்றி: ஒரே எண்ணெயைப் பிடித்துக்கொள்ளாமல் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தவிட்டு எண்ணெய் என மாற்றிப் பயன்படுத்துங்க.

• பொரித்த எண்ணெய்: வடிகட்டி, ஓரிரு நாளில் குழம்பு, பொரியலுக்குத் தீர்த்துடுங்க. மறுபடி பொரிக்க வேண்டாம்.

• சேமிப்பு: வெயில் படாத இடத்தில், இறுக்க மூடி வையுங்க. சிக்கு வாடை வந்தால் கொட்டிடுங்க.

• லேபிள்: 'கொலஸ்ட்ரால் இல்லை' என்ற வாசகத்தில் மயங்க வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிட்டத்தட்ட இருக்காது. நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்று பாருங்க.

சர்க்கரை நோய், இதய நோய், அதிக கொலஸ்ட்ரால் உள்ளவர்களுக்கு எண்ணெய் மாற்றுவது சிகிச்சைக்குத் துணையாக இருக்கும். மாத்திரைக்குப் பதில் ஆகாது. எந்த வீடியோ என்ன சொன்னாலும், டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க.