புகையைத் தின்று ஆல்கஹால் தரும் பாக்டீரியா... தெரியுமா?

இரும்பாலைப் புகையை வெறும் வயிற்றில் விழுங்கி, எத்தனாலாகத் திருப்பித் தரும் உயிர் ஒன்று இருக்கிறது! அதை வேலைக்கு வைத்துத் தொழிற்சாலைகளே ஓடுகின்றன. கேட்கக் கேட்க வியப்பூட்டும் சங்கதிகள் இதோ...

முயல் புழுக்கையில் கிடைத்த புதையல் தெரியுமா?

1994இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் முயல் புழுக்கையிலிருந்து புது பாக்டீரியா ஒன்றைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். பெயர், கிளாஸ்ட்ரிடியம் ஆட்டோஎத்தனோஜீனம். ஆணி குத்தினால் ஓடிப்போய் டி.டி. ஊசி போட்டுக்கொள்கிறோமே, அந்த டெட்டனஸ் கிருமியும் இதே கிளாஸ்ட்ரிடியம் பேரினம்தான்! இதே போல வாயுவைத் தின்னும் இன்னொரு பங்காளி, அமெரிக்காவில் கோழிக் கழிவிலிருந்து கிடைத்தது.

நமக்கு நஞ்சு, அதற்குச் சாப்பாடு!

இரும்பாலைப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொண்டு ஆளையே கொன்றுவிடும். இந்த பாக்டீரியாவோ அதையே உண்டு கொழுக்கிறது! நாம் உயிர்வாழத் தேவையான ஆக்சிஜன்தான் அதற்கு நஞ்சு.

சர்க்கரையே இல்லாமல் நொதிக்குமா?

நொதிக்கும்! இட்லி மாவு புளிப்பதும் பாக்டீரியாவின் கைவேலைதான். ஆனால் அங்கே தின்ன மாவு இருக்கிறது. இங்கே இருப்பது வெறும் வாயு! ஹார்லண்ட் வுட், லார்ஸ் யுங்டால் ஆகிய விஞ்ஞானிகளின் பெயரால் அழைக்கப்படும் வேதிப்பாதை வழியாக, ஒற்றைக் கார்பன் வாயுக்களை இரண்டு கார்பன் கொண்ட பொருளாக இது கோத்துவிடுகிறது. பூமியின் மிகப் பழைய உயிர்வேதிப் பாதைகளில் இதுவும் ஒன்றாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதே வேலையை உலோக வினையூக்கிகளைக் கொண்டு செய்ய 200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். வாயுவில் கொஞ்சம் கந்தகம் கலந்தாலும் வினையூக்கி படுத்துவிடும். பாக்டீரியாவுக்கு நம் உடம்புச் சூடான 37 டிகிரி போதும்! ஒரே சிக்கல், கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் லேசில் கரையாது. அதனால் வாயுவை எவ்வளவு நுண்ணிய குமிழிகளாக உடைத்து அனுப்புவது என்பதில்தான் பொறியாளர்களின் திறமையே இருக்கிறது.

புகையில் பறந்த விமானம் தெரியுமா?

இந்த பாக்டீரியாவை வேலைக்கு வைத்திருக்கும் லான்சாடெக் நிறுவனத்தை, 2005இல் நியூசிலாந்தில் ஷான் சிம்ப்சனும் ரிச்சர்ட் ஃபார்ஸ்டரும் தொடங்கினார்கள். 2018இல் சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் ஓர் இரும்பாலையை ஒட்டி முதல் வணிக ஆலை ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில், ஆலைக் கழிவு வாயுவிலிருந்து பிறந்த எரிபொருளைக் கலந்து நிரப்பிக்கொண்டு, வர்ஜின் அட்லாண்டிக் விமானம் ஒன்று ஆர்லாண்டோவிலிருந்து லண்டனுக்குப் பறந்தது! இப்போது பெல்ஜியத்தின் கென்ட் நகரில், ஆர்செலார்மிட்டல் இரும்பாலையில் ஆண்டுக்கு 8 கோடி லிட்டர் எத்தனால் தரக்கூடிய ஆலையும் எழுந்துவிட்டது.

உடுத்தவும் செய்யலாம்!

2021இல் லுலுலெமன் ஆடை நிறுவனத்துக்காக, பாக்டீரியா தந்த எத்தனாலை நம் நாட்டின் இந்தியா கிளைகால்ஸ் நிறுவனம் பாலியஸ்டருக்கான மூலப்பொருளாக மாற்றியது. தைவான் நிறுவனம் ஒன்று அதை நூலாக்கியது. புகை நூலாகிவிட்டது! வேலை முடிந்து மிஞ்சும் பாக்டீரியாவும் வீணாவதில்லை. அதில் பெரும்பகுதி புரதம்! 2021இல் சீன அரசு அதைக் கால்நடைத் தீவனமாக அங்கீகரித்தது.

நெயில்பாலிஷ் ரிமூவரும் வருமா?

வரும்! எத்தனாலை எரித்தால் கார்பன் மறுபடி காற்றுக்கே போய்விடும் என்பது உண்மைதான். அதனால் வேறு பொருள்களையும் செய்ய பாக்டீரியாவுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். 2022இல் லான்சாடெக்கும் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகமும் இதன் மரபணுக்களை மாற்றி, நெயில்பாலிஷ் ரிமூவரில் இருக்கும் அசிட்டோனையும் சானிடைசரில் சேரும் ஐசோபுரொப்பனாலையும் சுரக்க வைத்தன. ஒரு கிலோ அசிட்டோன் தயாரானால் 1.78 கிலோ கார்பன் டைஆக்சைடு காற்றில் குறைகிறது என்கிறது அவர்கள் கணக்கு. தயாரிக்கத் தயாரிக்கக் காற்று சுத்தமாகிறது!

நம் நாட்டில்?

இங்கேயும் வந்தாயிற்று! ஹரியானாவின் பானிபட்டில் இருக்கும் இந்தியன் ஆயில் சுத்திகரிப்பு ஆலையில், கழிவு வாயுவிலிருந்து தினமும் 1,28,000 லிட்டர் எத்தனால் எடுக்கும் திறனோடு ஆலை அமைத்திருக்கிறார்கள். கரும்பு வேண்டாம், சோளம் வேண்டாம், ஒரு சென்ட் வயல்கூட வேண்டாம்! பெங்களூரின் ஸ்டிரிங் பயோ நிறுவனம் வேறொரு வகை பாக்டீரியாவுக்கு மீத்தேனை ஊட்டிப் புரதம் எடுக்கிறது. எஃகு உற்பத்தியில் உலகிலேயே இரண்டாம் இடத்தில் இருக்கும் நாடு நம்முடையது. இந்தக் குட்டி உயிருக்குப் போட இங்கே எவ்வளவு தீனி இருக்கிறது, எண்ணிப் பாருங்கள்!