சம்பளக் கணக்கு முதல் கிளாஸ் கணக்கு வரை... செல்போனில் எழுதுங்க, செல்போனை மட்டும் நம்பாதீங்க!

காரைக்குடி:

"போன் தண்ணியில விழுந்துடுச்சு, அதுல இருந்த கணக்கெல்லாம் போச்சு." செல்போன் ரிப்பேர் கடைகளில் இந்த புலம்பலை அடிக்கடி கேட்கலாம். போன போனை கூட வாங்கிடலாம். யார் எவ்வளவு தரணும் என்கிற கணக்கு போனால் போனதுதான்.

கொத்தமங்கலத்தில் இருந்து தினமும் காரைக்குடிக்கு வேலைக்கு வரும் கொத்தனார், வீட்டிலேயே சீடை, மணகோலம் போட்டு விற்கும் பெண்கள், பள்ளிக்கூட டீச்சர் என்று எல்லோர் கையிலும் இன்று செல்போன் நோட்டுதான். இதை எப்படி ஏமாறாமல் பயன்படுத்துவது? இதோ விவரம்.

அந்த காலத்து பேக்கப்

கணக்கு எழுதுவது செட்டிநாட்டுக்கு புதுசு இல்லை. பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் கடந்து தொழில் நடத்திய நகரத்தார், குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை என்று வரிசையாக எழுதி வைத்தார்கள். அங்கே கடையை பார்த்துக்கொண்ட ஏஜெண்டுகள், ஊரில் இருந்த முதலாளிக்கும் கணக்கு அனுப்பினார்கள். அதாவது ஒரே கணக்கு இரண்டு இடத்தில். இன்று "பேக்கப்" என்று சொல்வதும் இதைத்தான்.

பேசினால் போதும்

கூகுள் நிறுவனம் 2013-ல் கொண்டு வந்த "கீப்" என்ற நோட்டு செயலி இலவசம். டைப் அடிக்க தெரியாதா? கவலை வேண்டாம். 2017-ல் தமிழுக்கும் குரல் வசதி வந்துவிட்டது. கீபோர்டில் மைக் படத்தை தொட்டு, "மேஸ்திரி இன்னைக்கு பாதி சம்பளம் தந்தார், மீதி சனிக்கிழமை" என்று பேசினால் எழுத்தாகி விடும். தொகையை மட்டும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஐநூறு ஐயாயிரம் ஆகிவிட்டால் வம்பு!

சனிக்கிழமை ஞாபகப்படுத்தும்படி அலாரமும் வைக்கலாம். பலகார ஆர்டர், மகளிர் குழு தவணை, கேஸ் புக் செய்த தேதி எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

மொய் கணக்கும் இப்போது மாறி வருகிறது. மதுரை பக்கம் விசேஷ வீடுகளில் கம்ப்யூட்டரில் மொய் எழுதி ரசீதே கொடுக்கிறார்கள். அந்த வசதி இல்லாதவர்கள் மொய் நோட்டை பக்கம் பக்கமாக போட்டோ எடுத்து வைத்தாலே பாதி நிம்மதி.

டீச்சர்களுக்கு

கொரோனாவால் பிள்ளைகள் படிப்பில் விழுந்த இடைவெளியை சரிசெய்ய, தமிழக அரசு 2022 ஜூனில் "எண்ணும் எழுத்தும்" திட்டத்தை தொடங்கியது. இதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து சொல்லிக் கொடுத்தார்கள். மதிப்பீட்டை செயலியில் ஏற்றினார்கள்.

ஒரு பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்பதை செயலி காட்டும். ஏன் அங்கேயே நிற்கிறது என்பதை டீச்சர்தான் குறித்து வைக்க வேண்டும். "ல, ள குழப்பம்", "திங்கட்கிழமை தோறும் லீவு", "கரும்பலகை எழுத்து தெரியவில்லை" என்று தினமும் ஒரு வரி போதும். மாதக் கடைசியில் சேர்த்துப் படித்தால், மக்கு என்று நினைத்த பிள்ளைக்கு கண்ணாடிதான் தேவை என்று கூட தெரியலாம்.

ஆனால் ஒன்று. பிள்ளையின் பெயர் போட்டு எழுதிய குறிப்பை வாட்ஸ்அப் குரூப்பில் போடவே கூடாது. அது அந்த குடும்பத்தின் மானப் பிரச்சினை.

இதை கவனிங்க

* சில போன்களில் கூடவே வரும் நோட்டு செயலி, எழுதியதை அந்த போனுக்குள் மட்டுமே வைத்திருக்கும். போன் போனால் அதுவும் போச்சு. கீப்பில் எழுதுவது உங்கள் ஜிமெயில் கணக்கில் ஏறிவிடும். புது போனில் அதே ஜிமெயிலை போட்டால் திரும்ப வரும்.

* செல்போன் கடைக்காரர் போட்டுக் கொடுத்த ஜிமெயில் என்றால், பாஸ்வேர்டை கேட்டு வாங்கி உடனே மாற்றுங்கள்.

* நெட் இல்லாத இடத்திலும் கீப்பில் எழுதலாம். நெட் கிடைத்ததும்தான் கணக்கில் ஏறும்.

* தெரியாமல் அழித்துவிட்டால் 7 நாள் வரை குப்பைத்தொட்டியில் இருக்கும். அதற்குள் மீட்டுக்கொள்ளலாம்.

* ஏ.டி.எம். ரகசிய எண், ஜிபே பின் நம்பரை நோட்டில் எழுதாதீர்கள். போனுக்கு பூட்டு கட்டாயம்.

* \*#06# என்று அடித்தால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். அதை பேப்பரில் எழுதி வீட்டில் வையுங்கள். போன் தொலைந்தால் போலீசில் புகார் கொடுத்து, மத்திய அரசின் "சஞ்சார் சாத்தி" இணையதளத்தில் அந்த எண்ணை வைத்து போனை முடக்கலாம். இந்த வசதி 2023 மே மாதத்தில் இருந்து நாடு முழுவதும் உள்ளது.

பெரிய தொகை கடனா? போனில் மட்டும் எழுதினால் போதாது. கொடுத்தவர், வாங்கியவர் இருவரும் பேப்பரில் கையெழுத்து போட்டு, அதையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதுதான் நல்லது.