பெங்களூர் ஒப்பந்தம், உலகம் சுற்றும் வழக்கு

நாட்டின் பாதுகாப்பு என்று அரசு சொன்னால் அதுவே முடிவா? ஆன்ட்ரிக்ஸ் - தேவாஸ் விவகாரத்தில் இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில்

பெங்களூர் நியூ பி.இ.எல். சாலையில் உள்ள அந்தரிக்ஷ் பவன், இஸ்ரோவின் தலைமையகம். இஸ்ரோவுக்கு வியாபாரம் செய்து தரும் அரசு நிறுவனம் ஆன்ட்ரிக்ஸ். 2005 ஜனவரி 28 அன்று அதே ஊரில் புதிதாக முளைத்திருந்த தேவாஸ் மல்டிமீடியா என்ற கம்பெனியுடன் ஆன்ட்ரிக்ஸ் ஓர் ஒப்பந்தம் போட்டது. இரண்டு செயற்கைக்கோள்களின் எஸ்-பேண்ட் திறனில் 90 சதவீதம், 12 ஆண்டுக் குத்தகைக்கு. கைபேசிக்கும் ஓடும் வண்டிக்கும் வீடியோ அனுப்புவது தேவாஸின் திட்டம்.

அந்தக் கம்பெனி இன்று கலைக்கப்பட்டுவிட்டது. வழக்கு மட்டும் தி ஹேக், ஜெனீவா, சிங்கப்பூர், மான்ட்ரியல், வாஷிங்டன் என்று சுற்றிக்கொண்டிருக்கிறது.

எல்லாம் 2011 பிப்ரவரியில் ஆரம்பித்தது. 2ஜி விவகாரத்தில் ஆ. ராசா கைதாகி, அலைக்கற்றை என்ற சொல்லே டெல்லியை நடுங்க வைத்த மாதம். எஸ்-பேண்ட் அலைவரிசையைத் தனியாருக்குத் தாரை வார்த்ததாகப் பத்திரிகைகள் எழுதின. செயற்கைக்கோளுக்கு ஒப்புதல் கேட்டபோது தேவாஸ் ஒப்பந்தம் பற்றி மத்திய அமைச்சரவைக்குச் சொல்லவே இல்லை என்பதும் வெளியே வந்தது. பிப்ரவரி 17-ல் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு கூடி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடிவெடுத்தது. ஆன்ட்ரிக்ஸ் திருப்பி அனுப்பிய 58.37 கோடி ரூபாய் காசோலையை தேவாஸ் வாங்க மறுத்தது.

அமைச்சரவைக் குழு சொன்ன காரணத்தில்தான் வழக்கின் முடிச்சே இருக்கிறது. ராணுவம், துணை ராணுவப் படைகள் என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். ரயில்வே, பொதுச் சேவைகள், சமூகத் தேவைகள் என்று பட்டியல் நீண்டது. அன்று கோப்பில் சேர்த்த இந்த நாலைந்து சொற்களுக்கு நாடு பிற்பாடு விலை கொடுக்க வேண்டி வந்தது.

தேவாஸில் பணம் போட்டவர்களில் மொரீஷியஸ் கம்பெனிகள் உண்டு. சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஜெர்மனியின் டாய்ச்சே டெலிகாமிடம் இருந்தது. 1990-களில் அன்னிய முதலீட்டுக்குக் கதவு திறந்தபோது இந்தியா பல நாடுகளுடன் முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கைகளில் கையெழுத்திட்டது. 1995-ல் ஜெர்மனியுடன், 1998-ல் மொரீஷியஸுடன். முதலீட்டாளர் நேரடியாக இந்திய அரசையே சர்வதேச நடுவர்கள் முன் நிறுத்தலாம் என்பது அவற்றின் சாரம். கையெழுத்திட்டபோது அதைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை.

இரு உடன்படிக்கைகளிலும் பாதுகாப்பு விலக்கு உண்டு. ஆனால் வாசகம் வேறு. மொரீஷியஸ் உடன்படிக்கைப்படி நடவடிக்கை பாதுகாப்பை நோக்கியதாக இருந்தால் போதும். ஜெர்மன் உடன்படிக்கையோ பாதுகாப்புக்கு 'அவசியமான அளவுக்கு' மட்டும் என்கிறது. 2016-ல் மொரீஷியஸ் வழக்கை விசாரித்த நடுவர்கள் அலைவரிசையைக் கூறு போட்டார்கள்: 60 சதவீதம் பாதுகாப்புக்கு, அதற்கு இந்தியா பொறுப்பில்லை, மீதி 40 சதவீதத்துக்குப் பொறுப்பு உண்டு. 2017-ல் ஜெனீவாவை மையமாகக் கொண்ட ஜெர்மன் வழக்கின் நடுவர்கள் பாதுகாப்பு வாதத்தையே ஏற்கவில்லை. அதே அமைச்சரவைக் குழு, அதே முடிவு, இரண்டு தீர்ப்பு. 2020-ல் தொகைகளும் வந்தன: டாய்ச்சே டெலிகாமுக்கு 9 கோடியே 33 லட்சம் டாலர், மொரீஷியஸ் முதலீட்டாளர்களுக்கு 11 கோடியே 13 லட்சம் டாலர். வட்டி தனி.

இதற்கெல்லாம் முன்பே, ஒப்பந்தத்தை மீறியதற்காக ஆன்ட்ரிக்ஸ் 56 கோடியே 25 லட்சம் டாலர் தர வேண்டும் என்று சர்வதேச வர்த்தக சபையின் நடுவர்கள் 2015 செப்டம்பர் 14-ல் சொல்லிவிட்டார்கள். தேவாஸுக்காகத் திட்டமிட்ட முதல் செயற்கைக்கோளான ஜிசாட்-6 விண்ணில் ஏறி அப்போது 18 நாள்தான் ஆகியிருந்தது. இரண்டாவதான ஜிசாட்-6ஏ, 2018 மார்ச்சில் ஏவப்பட்ட சில நாட்களிலேயே தொடர்பை இழந்தது.

அரசு 2021-ல் வேறு ஆயுதத்தை எடுத்தது: மோசடி. பெங்களூரில் உள்ள தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் மே 25-ல் தேவாஸைக் கலைக்க உத்தரவிட்டது. 2022 ஜனவரி 17-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. இந்தியாவுக்குள் கொண்டுவந்த 579 கோடி ரூபாயில் ஏறக்குறைய 85 சதவீதம் வெளிநாட்டுக்கே போய்விட்டது என்று தீர்ப்பு சுட்டிக்காட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆன்ட்ரிக்ஸுக்கு எதிரான நடுவர் தீர்ப்பையே ரத்து செய்தது.

மோசடி என்றால் அதைக் கண்டுபிடிக்க 16 வருடமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் மோசடியில் பிறந்த ஒப்பந்தத்துக்கு மக்கள் வரிப்பணத்தில் ஈடு கட்ட வேண்டுமா என்ற எதிர்க்கேள்வியையும் ஒதுக்க முடியாது. சிக்கல் என்னவென்றால், டெல்லித் தீர்ப்பு அன்னிய நீதிமன்றங்களைத் தானாகக் கட்டுப்படுத்தாது. டாய்ச்சே டெலிகாம் வழக்கில் இந்தியாவின் மேல்முறையீட்டை சிங்கப்பூர் 2023-ல் தள்ளுபடி செய்தது. ஜெனீவா தீர்ப்பை எதிர்த்து ஸ்விட்சர்லாந்தில் தோற்ற பிறகு அதே வாதத்தை இங்கே மறுபடி கிளப்ப முடியாது என்றது. கனடாவிலோ, நம் விமான நிலையங்களை நடத்தும் ஆணையத்துக்காக சர்வதேச விமானப் போக்குவரத்து சங்கம் வசூலித்து வைத்திருந்த கட்டணத்தின் மீதே 2021-ல் முதலீட்டாளர்கள் கை வைத்தார்கள்.

இந்தியா பாடம் படித்தது, கொஞ்சம் கடுமையாகவே. பழைய உடன்படிக்கைகளில் பெரும்பாலானவற்றை ரத்து செய்தது. புதிய மாதிரி வாசகத்தின்படி முதலீட்டாளர் முதலில் ஐந்து ஆண்டு உள்நாட்டு நீதிமன்றங்களில் முயல வேண்டும். பாதுகாப்பு எது என்பதை அரசே தீர்மானிக்கும், நடுவர்கள் அதைக் கிளற முடியாது. ஐக்கிய அரபு எமிரேட்ஸுடன் 2024-ல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையில் அந்த ஐந்து, மூன்றானது. முதலீடு வேண்டுமென்றால் பிடியைக் கொஞ்சம் தளர்த்தத்தான் வேண்டியிருக்கிறது.

ஆனால் புதிய வாசகம் பழைய வழக்கைத் தொடாது. ஆன்ட்ரிக்ஸுக்கு அமெரிக்காவுடன் போதிய தொடர்பு இல்லை என்று கூறி, வட்டியோடு சுமார் 129 கோடி டாலருக்கான தீர்ப்பை அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-ல் தள்ளியிருந்தது. அன்னிய அரசுகள் மீதான 1976-ம் ஆண்டுச் சட்டம் அப்படியொரு தொடர்பைக் கேட்கவில்லை என்று 2025 ஜூன் 5-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அரசியல் சட்டம் கேட்கிறதா என்பதையும் மற்ற வாதங்களையும் விசாரிக்கும்படி வழக்கு கீழே அனுப்பப்பட்டது.